கோத்தகிரியில் தேன், தேயிலை பேக்கிங் தொழில்: கம்பெனியா, பார்ட்னர்ஷிப்பா? எதை முதலில் சட்டப்படி சரி செய்வது?

மிளிதேன்_தம்பி | 12 நவம்பர் 2024

எல்லோருக்கும் வணக்கம். நானும் பள்ளிக்கூடக் காலத்து நண்பனும் சேர்ந்து கோத்தகிரியில் ஒரு சின்னக் கடையும் அதன் பின்னால் பேக்கிங் அறையும் ஆரம்பிக்கப் போகிறோம். மலைத்தேன், தேயிலைத்தூள், மிளகு, அப்புறம் சீசனுக்கு ஏற்றபடி இரண்டு மூன்று பொருள்கள். நண்பன் திருப்பூரில் வேலையில் இருக்கிறான், 6 லட்சம் போடுகிறான். என் கையில் பணம் இல்லை, ஆனால் கடையைத் திறப்பதிலிருந்து மூடுவது வரை நான்தான். லாபத்தில் பாதிப் பாதி என்று பேசி வைத்திருக்கிறோம், எழுத்தில் எதுவும் இல்லை.

தெரிந்த ஒரு ஆலோசகர், பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்தால்தான் மதிப்பு, பதிவு, ஜிஎஸ்டி, டிரேட்மார்க் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் தருகிறேன் என்கிறார். கடை ஒரு பழைய வீட்டின் முன்பகுதி. வீட்டுக்காரர் நல்ல மனிதர், "தெரிஞ்ச பையன்தானே, எழுத்தெல்லாம் எதுக்கு" என்கிறார். பெயர் 'நீலகிரி' என்று தொடங்கினால் நன்றாக இருக்கும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. பெங்களூருக்கு கூரியரில் அனுப்பவும் எண்ணம் உண்டு.

பணம் கொஞ்சம்தான். எதற்கு முதலில் செலவு செய்வது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்? இங்கே தொழில் செய்கிறவர்கள் சொன்னால் பெரிய உதவி.

குன்னூர்_கணக்கு | 12 நவம்பர் 2024

தம்பி, அந்தப் பேக்கேஜைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கம்பெனி தப்பான அமைப்பு என்று சொல்லவில்லை, உங்கள் அளவுக்கு இப்போது தேவை இல்லை. கம்பெனி என்றால் ஒரு ரூபாய் விற்பனை இல்லாத வருடத்திலும் ஆடிட் கட்டாயம். ஏஓசி-4, எம்ஜிடி-7ஏ என்று இரண்டு படிவங்கள் வருடா வருடம் கம்பெனிப் பதிவாளருக்குப் போக வேண்டும், தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. கடையை மூடிவிட்டால் கம்பெனியும் மூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டு, மூன்று வருடம் கழித்து வரும் தொகையைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிற பிள்ளைகளை எங்கள் அலுவலகத்தில் நிறையப் பார்க்கிறோம். பேக்கேஜ் விற்கிறவர் அதைச் சொல்லமாட்டார்.

இப்போது உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது எது என்றால் அந்தப் 'பாதிப் பாதி'தான். இரண்டு பேர் சேர்ந்து லாபத்தைப் பங்கு போடத் தொழில் செய்தாலே, பத்திரம் இருக்கிறதோ இல்லையோ, சட்டத்தின் கண்ணில் அது பார்ட்னர்ஷிப். 1932ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் பொருந்தும். நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் அந்தச் சட்டத்தின் 13வது பிரிவு உங்களுக்காக எழுதி வைத்திருப்பது இது: பார்ட்னர் தொழிலுக்காக உழைப்பதற்குச் சம்பளம் கிடையாது. லாபம் சமம், நஷ்டமும் சமம். மூலதனத்துக்கு வட்டி பேசாமல் இருந்தால் வட்டி இல்லை, ஆனால் மூலதனத்துக்கு மேல் ஒருவர் முன்பணமாகக் கொடுத்திருந்தால் அதற்கு வருடம் 6 சதவீதம் வட்டி உண்டு.

இதை உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். இரண்டு வருடம் ஓட்டி, தொழில் சரிப்படாமல் அந்த 6 லட்சமும் கரைந்துவிட்டது என்று வையுங்கள். நண்பர் பணத்தை இழந்தார், நான் உழைப்பை இழந்தேன், சரிக்குச் சரி என்றுதான் உங்களுக்குத் தோன்றும். சட்டம் அப்படிப் பார்க்காது. கரைந்தது நஷ்டம், நஷ்டத்தில் உங்கள் பங்கு பாதி, அதனால் நீங்கள் 3 லட்சம் அவருக்குத் தர வேண்டிய நிலை வரும். இரண்டு வருட உழைப்புக்கு ஒரு பைசா கேட்கவும் உங்களுக்கு வழி இல்லை. நல்ல நண்பர்கள் கோர்ட் வாசலில் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், யாரும் யாரையும் ஏமாற்றியே இருக்க மாட்டார்கள்.

அதனால் பத்திரம் எழுதுங்கள். உழைக்கும் பார்ட்னருக்கு மாதம் இவ்வளவு, 6 லட்சம் மூலதனமா கடனா, நஷ்டம் வந்தால் யார் எவ்வளவு தாங்குவது, ஒருவர் விலகினால் கணக்கை எப்படி முடிப்பது, ஒருவர் இறந்தால் தொழில் தொடருமா (எழுதாவிட்டால் 42வது பிரிவுப்படி பார்ட்னர்ஷிப் அன்றே கலைந்துவிடும், இரண்டே பேர் என்றால் தொடர இன்னொரு ஆளும் வேண்டும்), பெயரும் இன்ஸ்டாகிராம் கணக்கும் கடை போன் நம்பரும் யாருடையது. கடைசியில் சொன்னது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். இன்றைக்கு வாடிக்கையாளர் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கிறார்கள்.

கடன் சொந்தச் சொத்து வரை வரக்கூடாது என்று பயம் இருந்தால் 2008ம் ஆண்டுச் சட்டப்படி எல்எல்பி (பார்ட்னரின் பொறுப்பு போட்ட முதலோடு நிற்கும் கூட்டாண்மை) ஒரு நடுவழி. விற்றுவரவு 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டும் வரை ஆடிட் தேவை இல்லை. ஆனால் வருடம் இரண்டு படிவம் உண்டு. எல்எல்பியிலும் ஒப்பந்தம் எழுதாவிட்டால் சம பங்கு, சம்பளம் இல்லை என்ற அதே நிலைதான்.

சேரிங்கிராஸ்_வியாபாரி | 12 நவம்பர் 2024

கணக்கு சார் சொல்வது எல்லாம் சரி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பையன் தொழில் ஆரம்பிக்க வந்தால் முதல் நாளே கோர்ட், நஷ்டம், சாவு என்று பேசினால் அவனும் நண்பன் மாதிரி திருப்பூருக்கே வேலைக்குப் போய்விடுவான். மலையில் ஏற்கெனவே இளைஞர்கள் தங்குவதில்லை. ஊட்டியில் ரோட்டோரம் எத்தனை பேர் வர்க்கி, தைலம், சாக்லேட் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள், அவர்களிடம் பத்திரமா இருக்கிறது? முதலில் விற்கட்டும், பொருள் போகிறதா என்று பார்க்கட்டும். ஒரு சீசன் ஓடிய பிறகு ஒவ்வொன்றாகச் சரி செய்யலாம் என்பதுதான் என் கருத்து. ஏப்ரல், மே இரண்டு மாதம்தான் நமக்குச் சோறு. பேப்பருக்கு அலைந்து அந்த சீசனை விட்டுவிட்டால் அடுத்த வருடம்தான்.

கோத்தகிரி_வக்கீல் | 13 நவம்பர் 2024

சேரிங்கிராஸ் அண்ணா, உங்கள் கவலை புரிகிறது. பாதி ஒப்புக்கொள்கிறேன். டிரேட்மார்க், எல்எல்பி எல்லாம் ஒரு சீசன் கழித்துப் பார்க்கலாம். ஆனால் மூன்று காரியங்களைத் தள்ளிப்போட முடியாது: உணவுப் பதிவு, கடை வாடகை எழுத்து, பார்ட்னர் பத்திரம். இவை மூன்றும் சேர்ந்தே அதிகச் செலவு இல்லை, நவம்பரில் தொடங்கினால் சீசனுக்கு முன் தாராளமாக முடியும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொன்னது சண்டை மூட்ட இல்லையே, சண்டை வராமல் இருக்கத்தானே.

பத்திரம் எழுதினால் மட்டும் போதாது தம்பி, கூட்டாண்மைப் பதிவாளரிடம் பதிவும் செய்யுங்கள். இந்த வேலையை நம் ஊரில் மாவட்டப் பதிவாளர் அலுவலகம் பார்க்கிறது. பதிவு கட்டாயம் இல்லைதான், ஆனால் பதிவாகாத நிறுவனம் வெளியாள் மேல் ஒப்பந்த பாக்கிக்காக வழக்குப் போட முடியாது, பார்ட்னரும் பார்ட்னர் மேல் போட முடியாது (69வது பிரிவு). உங்கள் மேல் வழக்குப் போட மற்றவர்களுக்குத் தடை இல்லை என்பதையும் கவனியுங்கள்.

வாடகைக்கு வருகிறேன். வீட்டுக்காரர் நல்லவர், சரி. அவர் மகன் வெளியூரில் இருப்பாரே, நாளை அவரிடம் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்? அலமாரி, தரை, சின்க் என்று ஒன்றரை லட்சமாவது அந்த அறையில் போடுவீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17வது பிரிவுப்படி பதிவு கட்டாயம். அதற்காகத்தான் எல்லோரும் 11 மாதம் எழுதுகிறார்கள். ஆனால் உள்ளே பணம் போட்டுத் தொழில் செய்கிறவனுக்கு 11 மாதம் என்பது நிம்மதி தராது. மூன்று வருடமாவது எழுதிப் பதிவு செய்யுங்கள். அது போக, தமிழ்நாட்டில் 22 பிப்ரவரி 2019 முதல் அமலில் உள்ள வாடகைச் சட்டம் நகர்ப்புற வாடகை எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. எழுதச் சொல்வது சட்டம்தான் ஐயா என்று வீட்டுக்காரரிடம் தன்மையாகச் சொன்னால் அவர் வருத்தப்படமாட்டார்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தக் கட்டடத்தின் அனுமதியைக் கேட்டுப் பாருங்கள். இதை மலையில் இருக்கிற யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீடு என்று அனுமதி வாங்கிய இடத்தில் கடை வைத்தால் அது பயன்பாட்டு மாற்றம். கொடைக்கானலில் அனுமதியை மீறிய ஏராளமான கட்டடங்களுக்கு 2019ல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் சீல் வைத்தார்கள். நம் மாவட்டத்துச் சீகூர் பக்கம் யானை வழித்தட வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்டோபர் 2020ல் தீர்ப்புச் சொன்னது, அங்கே விடுதிகள் மூடியது எல்லோருக்கும் தெரியும். சீல் வைக்கும்போது வாடகைக்கு இருக்கிறவன் சரக்கும் உள்ளேதான் மாட்டும். மின் இணைப்பும் வீட்டு இணைப்பாக இருந்தால் வணிக இணைப்பாக மாற்றச் சொல்லுங்கள், அதை யார் செலவில் மாற்றுவது என்பதையும் அதே ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கூடலூர்_அக்கா | 13 நவம்பர் 2024

வக்கீல் சார் சொன்ன இட விஷயத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னும் சிக்கல். 1969ம் ஆண்டு ஜென்மம் (பழைய ஜமீன் மாதிரியான நிலவுரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17வது பிரிவில் வருகிற நிலங்கள் நிறைய உண்டு, தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கே பட்டா இல்லை. அந்த மாதிரி இடத்தில் கடை அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் யோசித்துக்கொள்ளுங்கள், மின் இணைப்பிலிருந்து வங்கிக் கடன் வரைக்கும் ஒவ்வொன்றிலும் அது குறுக்கே வந்து நிற்கும்.

நாங்கள் மகளிர் குழுவில் சோப்பு, தைலம் செய்யலாம் என்று இறங்கியபோது தெரிந்துகொண்ட விஷயம் உங்களுக்கும் உதவும். மேலுக்குப் போடும் சோப்பு அழகுசாதனப் பொருள், அதற்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உற்பத்தி உரிமம் வேண்டும், உணவுப் பதிவு அதற்குச் செல்லாது. தைலப் பாட்டிலில் மூட்டு வலி தீரும், ஆஸ்துமா போகும் என்று ஒட்டினால் அது மருந்து. தேனுக்கும் அதேதான் தம்பி. சர்க்கரை நோய்க்கு நல்லது, புற்றுநோயைத் தடுக்கும் என்றெல்லாம் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடாதீர்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53வது பிரிவில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் இருக்கிறது. நல்ல தேனுக்கு அந்தப் பொய் தேவையே இல்லை.

மிளிதேன்_தம்பி | 13 நவம்பர் 2024

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்கு சார் சொன்ன அந்த 3 லட்சம் விஷயத்தை நேற்று ராத்திரியே நண்பனுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். அவனே "எழுதிடலாம்டா, உன்னிடம் நான் எதுக்கு மூணு லட்சம் கேட்கப் போறேன்" என்றான். அடுத்த வாரம் ஊருக்கு வருகிறான்.

தேன் பற்றி யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா? சரிவுகளில் தேன் எடுக்கும் குறும்பர், இருளர் குடும்பங்களிடம் நேராக வாங்குவதாகத் திட்டம். லேபிளில் என்னென்ன கட்டாயம்? ஜிஎஸ்டி உடனே வேண்டுமா?

தேனடை | 14 நவம்பர் 2024

தேன் பேக்கிங் எங்கள் குடும்பத் தொழில், அதனால் சொல்கிறேன்.

உணவுப் பதிவு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தளத்தில். 2024 விதிப்படி வருட விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் பதிவு மட்டும் போதும், வருடம் 100 ரூபாய். அதற்கு மேல் போனால் மாநில உரிமம். 100 ரூபாய் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இணையதளங்கள் அரசுத் தளம் மாதிரியே இருக்கும், ஜாக்கிரதை. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் அப்படித்தான், அது முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே போட்டுவிடலாம்.

இப்போது முக்கியமானது. பெருந்தேனீ கட்டும் மலைத்தேனில் தண்ணீர்ச் சத்து அதிகம், அதுவும் மழைக்குப் பிறகு எடுத்தால் இன்னும் அதிகம். உணவுத் தர விதியில் தேனின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு சொட்டு சர்க்கரைப் பாகு சேர்க்காத, மரத்திலிருந்தும் பாறையிலிருந்தும் இறக்கி அப்படியே வந்த தேன்கூட 22, 23 என்று காட்டும். மாதிரி எடுத்துப் போனால் 'தரம் குறைந்தது' என்றுதான் அறிக்கை வரும், அதற்கு அபராதம் உண்டு. கலப்படம் செய்தவன் தலைநிமிர்ந்து நடக்க, நேர்மையாக விற்றவன் மாட்டுவது இப்படித்தான். ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஈரப்பதம் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி மேல் ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். டப்பா டப்பாவாக, ஒவ்வொரு கொள்முதலையும் பாருங்கள். 20க்கு மேல் இருந்தால் வெயிலில் வைத்துக் கொதிக்கவிடாமல், ஈரம் உறிஞ்சும் அறையில் மெதுவாகக் குறைத்து, பிறகுதான் பாட்டிலில் ஊற்ற வேண்டும். வருடம் ஒரு முறையாவது அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதித்து அறிக்கையைக் கோப்பில் வையுங்கள்.

பழங்குடி மக்களிடம் வாங்குவதில் பயப்பட ஒன்றும் இல்லை. 2006ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது, தேனும் மெழுகும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி வருகின்றன. ஆனால் எந்த ஊர், யார், எத்தனை கிலோ, என்ன விலை என்று ஒவ்வொரு முறையும் ரசீது போட்டு, அவர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். இது உங்களை வனத்துறை கேள்விகளிலிருந்து காக்கும் என்பது ஒரு பக்கம். உயிரைப் பணயம் வைத்துக் கயிற்றில் இறங்கி எடுக்கிறவர்களுக்கு எடையும் விலையும் எழுத்தில் தெரிய வேண்டும் என்பது இன்னொரு பக்கம், எனக்கு அதுதான் பெரிது.

250 கிராம் பாட்டில் லேபிளில் வர வேண்டியவை: பொருளின் பெயர், நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச சில்லறை விலை, பேக் செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், தொகுதி எண், உங்கள் முழு முகவரி, புகார் சொல்ல போன் எண், எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும் 14 இலக்க எண்ணும். இதில் பாதி உணவு விதி, மீதி 2011ம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதி. இரண்டாவதைப் பார்க்கிறவர்கள் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள், பேக் செய்கிறவர் என்ற பதிவும் அவர்களிடம் தனியாக வாங்க வேண்டும். கடைத் தராசுக்கும் முத்திரை இருக்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசு வருடா வருடம். இதை மறந்துவிட்டுத்தான் பலரும் அபராதம் கட்டுகிறார்கள்.

கண்ணாடிப் பாட்டில், துணிப்பை, காகிதம் என்றே திட்டமிடுங்கள். நம் மாவட்டத்தில் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குக் கடை கடையாகச் சோதனை வரும்.

குன்னூர்_கணக்கு | 14 நவம்பர் 2024

ஜிஎஸ்டி கேள்விக்கு. பொருள் மட்டும் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் வருடம் 40 லட்சம் வரை பதிவு தேவை இல்லை. ஆனால் உங்கள் பெங்களூரு கூரியர் அதைக் கெடுத்துவிடும். வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம், 24வது பிரிவு. கைவினைப் பொருள்களுக்கு இதில் விலக்கு உண்டு, தேனுக்கு இல்லை.

உடனே ஒரு சந்தேகம் வரும், கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேரளா, கர்நாடகா வண்டிதானே என்று. கவுன்ட்டரில் காசு கொடுத்துக் கையில் வாங்கிப் போனால், பில்லில் அவர் முகவரி எழுதாதவரை அது தமிழ்நாட்டு விற்பனைதான். கூரியர்தான் சிக்கல். அதனால் முதல் சீசன் கடையிலும் தமிழ்நாட்டுக்குள்ளும் மட்டும் விற்றுப் பாருங்கள். பெங்களூரு ஆர்டர் நிஜமாகவே வருகிறது என்றால் அப்போது சாதாரணப் பதிவு எடுங்கள். சிலர் விற்பனையில் 1 சதவீதம் கட்டும் காம்பொசிஷன் திட்டம் சுலபம் என்பார்கள். அதில் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது, உங்களுக்கு ஒத்துவராது.

பூம்பாறை_பூண்டு | 15 நவம்பர் 2024

பழனி மலைப் பக்கத்திலிருந்து வணக்கம். பெயர் விஷயத்தை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

'நீலகிரி' என்பது இடத்தின் பெயர். இடப் பெயரையும் பொருளின் பெயரையும் மட்டும் சேர்த்து 'நீலகிரி தேன்' என்று கொண்டு போனால் டிரேட்மார்க் பதிவாளர் 9வது பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்ப நிறைய வாய்ப்பு உண்டு. எல்லோருக்கும் பொதுவான பெயரை ஒருவருக்கு மட்டும் எழுதித் தர முடியாது, நியாயம்தானே. தேயிலையில் இன்னும் கவனம் வேண்டும், நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலைச் சின்னம் தேயிலை வாரியத்தின் பெயரில் புவிசார் குறியீடாகப் பதிவானது, அனுமதி இல்லாமல் அந்தச் சின்னத்தைப் பாக்கெட்டில் போடக் கூடாது. தோடர் எம்பிராய்டரிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல். வெளியூர்ப் பூண்டை மலைப்பூண்டு என்று மூட்டை கட்டி விற்கிறவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கு வயிறு எரிகிறது, அதே வேலையை நாம் இன்னொரு ஊருக்குச் செய்யக் கூடாது. நீங்கள் பேக் செய்வது நீலகிரியில் விளைந்தது என்றால் ஊர்ப் பெயரை முகவரியிலும் விளக்கத்திலும் தாராளமாகச் சொல்லலாம். பிராண்டுக்கு வேறு யாரும் வைக்காத ஒரு பெயராகப் பிடியுங்கள். உங்கள் ஊர்ப் படுகர்களின் படுகு மொழியிலேயே எத்தனை அழகான பெயர்கள் இருக்கின்றன. தேன், தேயிலை, மிளகு மூன்றும் 30வது வகுப்பிலேயே வந்துவிடும், தனிநபரோ சிறு நிறுவனமோ ஆன்லைனில் போட்டால் வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவானால் 10 வருடம். தளத்தில் அதே பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுவது இலவசம், லேபிள் அச்சடிப்பதற்கு முன் அதையாவது செய்யுங்கள். விண்ணப்பம் பார்ட்னர்ஷிப் பெயரில் இருக்கட்டும், ஒருவர் பெயரில் வேண்டாம்.

இன்னொன்று, பாக்கி. நான் ஊறுகாயும் ஜாமும் போடுகிறேன். ஒரு பெரிய விடுதி தொடர்ந்து சரக்கு எடுத்துவிட்டு மாதக்கணக்கில் பணம் தரவில்லை, மேனேஜர் மாறிவிட்டார், பழைய கணக்கு எங்களுக்குத் தெரியாது என்றார்கள். ஒவ்வொரு டெலிவரிக்கும் அவர்கள் ஸ்டோர் ஆள் கையெழுத்துப் போட்ட சலான் என்னிடம் இருந்தது, பில்லில் உத்யம் எண் அச்சாகி இருந்தது. 2006ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சிறு தொழில்களின் பாக்கிப் புகாருக்கான அரசின் சமாதான் தளத்தில் புகார் போடப் போகிறேன் என்று வக்கீல் நோட்டீஸ் போனதும் பேச்சு மாறியது, தவணையாக முழுப் பணமும் வந்தது. 2024லிருந்து வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது, கெடுவுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால் தரும் வரை அந்தச் செலவை அவர்கள் கணக்கில் கழிக்க முடியாது. அவர்கள் ஆடிட்டரே இப்போது நமக்காகப் பேசுகிறார்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. உத்யம் பதிவு சரக்கு கொடுப்பதற்கு முன்பே இருக்க வேண்டும். பதியும்போது உற்பத்தி என்று பதியுங்கள், வெறும் வாங்கி விற்கும் வியாபாரி என்று போட்டுவிட்டால் இந்த வட்டிப் பாதுகாப்பு கிடைக்காது. காசோலை வாங்கியிருந்து அது திரும்பினால், தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், அதை விட்டுவிட்டு "அடுத்த வாரம் தருகிறேன்" என்ற பேச்சை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

தொட்டபெட்டா_ஸ்டார்ட்அப் | 15 நவம்பர் 2024

கம்பெனி வேண்டாம் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இரண்டு பேரும் இளைஞர்கள், நாளை வெளியிலிருந்து முதலீடு வாங்க வேண்டும் என்றால் பங்கு கொடுக்கக் கம்பெனிதான் வசதி. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் தனி உரிமையாளர் தொழிலுக்குக் கிடையாது. நான் மென்பொருள் பக்கம் இருக்கிறேன், முதலிலேயே கம்பெனியாக இருந்தது எங்களுக்கு உதவியது.

குன்னூர்_கணக்கு | 15 நவம்பர் 2024

நீங்கள் சொல்வது உங்கள் தொழிலுக்குச் சரி. முதலீட்டாளர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் கம்பெனியே போடலாம். ஆனால் அந்த அங்கீகாரம் எல்எல்பிக்கும் உண்டு, பதிவு செய்த பார்ட்னர்ஷிப்புக்கும் உண்டு. அதுவும் புதுமையான பொருளோ முறையோ இருந்தால்தான், தேனை வாங்கிப் பாட்டிலில் ஊற்றுவதற்குக் கிடைக்காது. பார்ட்னர்ஷிப்பைப் பிறகு எல்எல்பியாகவோ கம்பெனியாகவோ மாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது. கம்பெனியைக் கலைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. அதனால்தான் சின்னதில் ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

சேரிங்கிராஸ்_வியாபாரி | 16 நவம்பர் 2024

படித்தேன். உணவுப் பதிவுக்கு 100 ரூபாய்தான் என்பது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது, இடைத்தரகர் பல மடங்கு வாங்குகிறார்கள். இங்கே இருக்கும் நான்கைந்து கடைக்காரர்களுக்கு நானே உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். பார்ட்னர் பத்திர விஷயத்திலும் வக்கீல் சார் சொன்னது நியாயம்தான். ஒரே ஒரு கேள்வி, கடையில் இரண்டு பெண் பிள்ளைகளை வேலைக்கு வைத்தால் என்னென்ன செய்ய வேண்டும்? பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் வருமா?

கோத்தகிரி_வக்கீல் | 16 நவம்பர் 2024

நல்ல காரியம் அண்ணா. இரண்டு பேருக்கு வராது. இஎஸ்ஐ 10 பேர், பிஎஃப் 20 பேர் என்பதுதான் எல்லை. கடைகள் சட்டப் பதிவும் 2024 ஜூலையிலிருந்து 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான். ஆனால் குறைந்தபட்ச ஊதியம் ஒரே ஆள் இருந்தாலும் பொருந்தும், சம்பளத்தை வங்கியில் போட்டுப் பதிவேடு வையுங்கள். உட்கார நாற்காலி கட்டாயம், 2021ல் தமிழ்நாடு கொண்டு வந்த திருத்தம் அது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்களுக்காக வந்த சட்டம், தயவுசெய்து முதல் நாளே இரண்டு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள்.

மிளிதேன்_தம்பி | 17 நவம்பர் 2024

இதுவரை முடிவு செய்தது: பார்ட்னர்ஷிப் பத்திரம், பதிவுடன். 6 லட்சத்தில் 4 மூலதனம், 2 கடன். எனக்கு மாதச் சம்பளம் ஒன்று குறித்து, நஷ்டம் வந்தால் மூலதனத்தை அவன் தாங்குவது, வெளிக்கடனை இரண்டு பேரும் தாங்குவது என்று பேசியாகிவிட்டது. உத்யம் நேற்றிரவு யோசித்துவிட்டு நிறுத்திவிட்டேன், பத்திரமும் பான் எண்ணும் வந்த பிறகு நிறுவனத்தின் பெயரில் போடுவதுதானே சரி? வீட்டுக்காரர் மூன்று வருடத்துக்குச் சம்மதித்துவிட்டார், கட்டட அனுமதி வரைபடத்தைத் தேடி எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

குன்னூர்_கணக்கு | 17 நவம்பர் 2024

சரிதான். வரிசை இப்படிப் போகட்டும்: பத்திரம், நிறுவனத்துக்கு பான், வங்கிக் கணக்கு, உத்யம், உணவுப் பதிவு. உள்ளாட்சித் தொழில் உரிமம் வாடகைப் பத்திரம் கைக்கு வந்த பிறகு. அந்த 2 லட்சம் கடன் உங்கள் நண்பரின் வங்கிக் கணக்கிலிருந்து நிறுவனத்தின் கணக்குக்கே வரட்டும், ரொக்கமாக வேண்டாம், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கக் கடன் வாங்கினால் வருமான வரியில் அபராதம் உண்டு. பத்திர வரைவு வந்ததும் பெயர், முகவரியை எடுத்துவிட்டு இங்கே போடுங்கள், நஷ்டம் பற்றிய பத்தியை வக்கீல் சாரும் நானும் ஒரு முறை பார்த்துவிடுகிறோம்.